விற்ற லாபம்

3 ஏப்ரல் 2025, வியாழன்

கழுத்து பிடித்துக்கொண்டது. இடது பக்கம். இயர் எண்டு வந்தால் இதுவும் வந்துவிடும்.

ஸ்டாக் எடுத்து முடித்தார்கள். பஞ்சு, கோன், வேஸ்ட் எல்லாம். திருப்பூர் முழுக்க அமெரிக்க வரிப் பேச்சு. ஜி.எம். காலையிலிருந்து போனை வைக்கவே இல்லை.

நூல் கணக்கு முதல் வரைவு: மைனஸ் 6.20 கோடி. போன ஜூலையில் ஏறிய கரண்ட் கட்டணம் மட்டும் ஒரு பெரிய துண்டைத் தின்றிருக்கிறது. திரும்பத் திரும்பக் கூட்டினேன். மாறவில்லை.

நிலத்தை இன்னும் தொடவில்லை. தொடப் பிடிக்கவில்லை.

7 ஏப்ரல், திங்கள்

ஆடிட்டர் ஆபீஸிலிருந்து கேட்டார்கள் என்று பழைய சொத்துப் பதிவேட்டை ரெக்கார்டு ரூமிலிருந்து இறக்கினேன். தும்மல் நிற்கவில்லை. 1958ஆம் வருஷப் பக்கம். நீலக்கறுப்பு மை. "புஞ்சை ஏக்கர் 4. பத்திரச் செலவு உட்பட ரூ. 41,200." ரூபாய்க் குறியின் வாலைக் கடைசி எண் வரைக்கும் இழுத்திருக்கிறார் எழுதியவர். அடியில் கையெழுத்து. யாரென்று சொல்ல இப்போது மில்லில் ஆள் இல்லை.

கம்ப்யூட்டரில் அது 0.41. லட்சத்தில். செப்டம்பரில் அக்ரிமென்ட் போட்டதும் விற்பனைக்கு வைத்துள்ள சொத்து என்று தனி வரிக்குப் போனது. 38 கோடிக்குப் பேசி முடித்த நிலம். ஐந்தொகையில் அப்போதும் 0.41தான்.

நிலத்துக்குத் தேய்மானமும் கிடையாது. அதனால் 41,200 அறுபத்தேழு வருஷமாக அசையவில்லை. ரோடு வந்தது, பஸ் ஸ்டாப் வந்தது, எதிரில் கல்யாண மண்டபம் வந்தது. கணக்குக்கு எதுவும் தெரியாது. ஜனவரியில் பத்திரம் பதிந்த அன்று எல்லாம் ஒரே நாளில் லாபமாக வந்து விழுந்துவிட்டது.

9 ஏப்ரல், புதன்

பதிவுகளைச் சரிபார்த்தேன். விற்பனை 38 கோடி. புரோக்கர் கமிஷன் 38 லட்சம். புத்தக மதிப்பு 41,200. லாபம் 37.62.

பழைய ரிங் பிரேம் பதினெட்டும் விற்றதில்: வந்தது 72 லட்சம், புத்தகத்தில் இருந்தது 1.94 கோடி. நஷ்டம் 1.22.

37.62லிருந்து 1.22 போய், நூல் நஷ்டம் 6.20 போய், வரிக்கு முன் லாபம் 30.20 கோடி.

திரையில் பார்த்ததும் மனசு துள்ளியது. உண்மை. மூன்று வருஷமாக அந்தக் கட்டத்தில் சிவப்பு எண்ணையே பார்த்த கண்கள். இன்கிரிமென்ட் வருமா என்று கூட ஓடியது. எழுந்து போய் டீ குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் நூல் கணக்கு அதே மைனஸ் 6.20.

14 ஏப்ரல், திங்கள்

விசுவாவசு பிறந்தது. கனி பார்த்தோம். சின்னவள் மாம்பழத்தைத்தான் முதலில் பார்த்தாளாம்.

மாமா வந்திருந்தார். நம் மில் ஷேர் கொஞ்சம் வைத்திருக்கிறார். "ரிசல்ட் எப்படிம்மா வரும்? இன்னும் கொஞ்சம் வாங்கலாமா?" டிரேடிங் விண்டோ மூடியிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. வாயைத் திறக்கக் கூடாது. "பாயசம் இன்னும் ஊத்தட்டுங்களா மாமா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு.

எனக்குத் தெரிந்ததை முழுசாகச் சொல்ல முடிந்தால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். லாபம் முப்பது கோடி. ஆனாலும் வாங்காதீர்கள். இதை எப்படி விளக்குவது?

17 ஏப்ரல், வியாழன்

ஆடிட்டர் ஆபீஸ் ஆர்ட்டிகிள் பெண் கெட்டிக்காரி. "மெஷின் வித்ததுல 1.22 கோடி நஷ்டம்னா அதை இழந்தது யாருங்க மேடம்? வாங்கினவர் சந்தை விலைதானே குடுத்தார்?"

பைலை எடுத்துக் காட்டினேன். 2007இல் டஃப் என்கிற ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டுத் திட்டக் கடனில் வாங்கிய பிரேம்கள், மொத்தம் 6.48 கோடி. 2014இல் புதுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வந்தபோது, இந்த மெஷினுக்கு ஆயுள் 15 வருஷம் இல்லை, 25 என்று ஒரு இன்ஜினியர் சர்டிபிகேட் வாங்கினார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது. வருஷத் தேய்மானம் குறைந்தது. அந்த வருஷங்களின் லாபம் கொஞ்சம் கொழுத்தது.

15 வருஷம் என்றே விட்டிருந்தால் 2022லேயே ஐந்து சதவீத எச்ச மதிப்புக்கு வந்திருக்கும். 32 லட்சத்துச் சொச்சம். இன்று 72 லட்சத்துக்கு விற்றதில் 40 லட்சம் லாபம் என்று எழுதியிருப்போம். அதே மெஷின், அதே வாங்குபவர், அதே செக்.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். விற்ற நஷ்டம் என்பது பெரும்பாலும் பழைய வருஷங்கள் எழுதாமல் விட்ட தேய்மானத்தின் பாக்கி. இந்த வருஷத்தின் தலையில் விழுகிறது, அவ்வளவுதான்.

பிரேம்களைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்று பிட்டர் அண்ணன் ஒவ்வொன்றின் கியர் பாக்ஸ் மூடியையும் துடைத்து அனுப்பினார். துடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

22 ஏப்ரல், செவ்வாய்

தலைவலி. வெயில்.

வரிக் கணக்கு. இன்டெக்சேஷனை எடுத்துவிட்டார்கள் என்று போன வருஷம் எல்லாரும் புலம்பினார்கள். நானும்தான். 23 ஜூலை 2024க்குப் பிறகு விற்றால் 12.5 சதவீதம், விலைவாசி ஏற்றத்துக்குக் கழிவு இல்லை. தனி ஆட்களுக்குப் பழைய சொத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி வைத்தார்கள். கம்பெனிக்கு அதுவும் இல்லை.

போட்டுப் பார்த்தேன். வாங்கிய விலைக்குப் பதில் வரிக்கு எடுத்துக்கொள்ளும் 2001 ஏப்ரல் 1 மதிப்பு 2.40 கோடி. புதுக் கணக்கில் ஆதாயம் 35.22, வரி 4.40. பழைய கணக்கில் 2.40ஐ விலைவாசிக் குறியீடான 3.63ஆல் பெருக்கினால் 8.71. ஆதாயம் 28.91, இருபது சதவீதம் 5.78. பழையதில்தான் 1.38 கோடி கூடுதல்! 2001 மதிப்பைப் போல எட்டு மடங்குக்கு மேல் ஏறிய சொத்துக்குப் புது விதிதான் லாபம். நம்முடையது பதினைந்து மடங்குக்கு மேல். பட்டாவில் பெயர் மாற்றம் இழுத்து அக்ரிமென்டே செப்டம்பருக்குத் தள்ளிப்போனதே என்று ஜி.எம். அன்று குதித்தாரே, அந்தத் தாமதம்தான் மிச்சப்படுத்தியிருக்கிறது. சொன்னேன். முதல் தடவையாகச் சிரித்தார்.

இந்த வருஷத்து நூல் நஷ்டத்தையும் இதில் கழிக்கலாம். சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து நாலு கோடிச் சொச்சத்தில் நிற்கும். 22 சதவீத வரித் திட்டத்துக்கு மாறிவிட்டதால் மேட் என்கிற குறைந்தபட்ச மாற்று வரித் தொல்லை இல்லை.

மெஷினுக்கு வரிப் புத்தகத்தில் நஷ்டமே கிடையாது. எல்லா மெஷினும் ஒரே பிளாக். 72 லட்சத்தைப் பிளாக்கிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்துக்கு வழக்கம்போலத் தேய்மானம். நம் புத்தகத்தில் 1.22 நஷ்டம், வரிப் புத்தகத்தில் ஒன்றுமில்லை. ஆர்ட்டிகிள் பெண் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

27 ஏப்ரல், ஞாயிறு

துணி மடிக்காமல் கிடக்கிறது. மொபைலில் பம்பாய் டையிங் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தேன். 2023இல் வொர்லியில் 22 ஏக்கர். ஜப்பான் சுமிடோமோவின் துணை நிறுவனத்துக்கு, 5,200 கோடிக்கு. ஒரு காலத்தில் மில் ஓடிய இடம். அந்தப் பத்திரம் பதிவான காலாண்டின் லாபத்தை அதற்கு முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டு வளர்ச்சி சதவீதம் போட்டால் அதற்கு என்ன அர்த்தம்?

எல் அண்ட் டி வேறு மாதிரி. 2020இல் எலக்ட்ரிகல் பிரிவையே ஷ்னைடருக்கு 14,000 கோடிக்குக் கொடுத்தார்கள். நிறுத்தப்பட்ட தொழில் என்று தனியாகவே காட்டினார்கள், சிறப்பு டிவிடெண்டாகப் பங்குக்கு 18 ரூபாயும் கொடுத்தார்கள். மிச்சத் தொழில் என்ன சம்பாதித்தது என்று மேலே தனியாகப் படிக்கலாம். அதுதான் நாணயம். விற்கட்டும், விற்பது பாவமில்லை. எந்த வரியில் எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம்.

இவர் எட்டிப் பார்த்து "ஞாயித்துக்கிழமையுமா" என்றார். மொபைலை வைத்துவிட்டேன்.

30 ஏப்ரல், புதன்

மார்ச் டி.டி.எஸ். கடைசி நாள். கட்டியாயிற்று. வேறு ஒன்றும் இல்லை. கழுத்து.

1 மே, வியாழன்

லீவு. பேக்கரியில் பிட்டர் அண்ணன். "ஏனம்மிணி, நெலம் வித்து முப்பத்தெட்டுக் கோடி வந்துச்சல்ல. இந்தத் தீவாளிக்கு இருபது பர்சென்ட் கெடைக்குமா?"

விலை ஊருக்கே தெரியும். ரிசல்ட்தான் தெரியாது.

"போர்டு கூடட்டுங்கண்ணா" என்றேன். தேங்காய் பன் ஒன்று என் பெண்ணுக்கென்று வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

2 மே, வெள்ளி

போனஸ் சட்டத்தை எடுத்தேன். 1965. இரண்டாம் அட்டவணை. படித்தது போதாதென்று சத்தமாகவும் படித்தேன்.

மூலதன லாபத்தைக் கழிக்க வேண்டும். தேய்மானம் அனுமதிக்கப்பட்ட சொத்தை விற்ற லாபம் என்றால் மட்டும் கழிக்க வேண்டாம். மூலதன நஷ்டத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். தேய்மானம் அனுமதிக்கப்பட்ட சொத்தை விற்ற நஷ்டம் என்றால் மட்டும் கூட்ட வேண்டாம்.

நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. ஆக 37.62 போய்விட்டது. மெஷினுக்குத் தேய்மானம் உண்டு. ஆக 1.22 நஷ்டம் அப்படியே நிற்கிறது. 30.20லிருந்து 37.62. மைனஸ் 7.42.

போனஸ் கணக்கில் மில் இந்த வருஷம் 7.42 கோடி நஷ்டம். 8.33 சதவீதம்தான், நஷ்டமானாலும் கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சம்.

சட்டத்தில் தர்க்கம் இருக்கிறது. நிலம் ஏறியதற்கு இந்த வருஷத்து உழைப்பு காரணம் இல்லை. நான் ஒரு மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: நில லாபம் மில்லின் லாபம் இல்லை. அதே வாதம் இப்போது அண்ணனின் தட்டிலிருந்து எடுக்கிறது. அந்தப் பக்கம், 2014இல் ஆயுளை நீட்டியவர்கள் யாரையும் கேட்டு நீட்டவில்லை. அதன் பாக்கியான 1.22 மட்டும் போனஸ் கணக்கில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது.

சாப்பாடு இறங்கவில்லை.

5 மே, திங்கள்

கத்திரி நேற்றே தொடங்கிவிட்டது. அக்கவுண்ட்ஸ் ரூமில் ஏ.சி. சத்தம் போடுகிறது, குளிர் இல்லை.

ஜி.எம்.முக்கும் ஆடிட்டர் சாருக்கும் வாக்குவாதம். ஜி.எம். 37.62ஐ இதர வருமானத்தில் போடச் சொல்கிறார். மொத்த வருமானம் பெரிசாகத் தெரியும், பாங்க்காரன் கேள்வி கேட்க மாட்டான். ஆடிட்டர் சார் அசையவில்லை. இத்தனை பெரிய, ஒரே தடவை வருகிற தொகையை அசாதாரண இனம் என்று தனி வரியில்தான் காட்ட வேண்டும், அதற்கு மேலே நூல் நஷ்டம் தெரிய வேண்டும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு எழுந்து கும்பிடத் தோன்றியது.

ஜி.எம். பக்கத்து மில்லைக் காட்டினார். அவர்களும் நிலம் விற்றார்கள், லாபம் கொஞ்சம்தானே காட்டினார்கள் என்று. காட்டியிருக்க முடியாது. இன்ட் ஏ.எஸ். கணக்குத் தரத்துக்கு மாறிய வருஷமே நிலத்தைச் சந்தை மதிப்புக்கு ஏற்றிவிட்டார்கள். ஏற்றம் அன்றே நேராக இருப்பு லாபத்தில் சேர்ந்துவிட்டது, லாப நட்டக் கணக்கைத் தொடாமலே. நாம் பழைய விலையிலேயே வைத்தோம். இரண்டு மில்லுக்கும் ஒரே ரோடு, ஒரே மண். அங்கே லாபம் சிறுத்தது, இங்கே பெருத்தது.

13 மே, செவ்வாய்

பணப் பாய்வு அறிக்கை. இதுதான் எனக்குப் பிடித்த தாள். இதில் ஒளிய இடம் இல்லை.

30.20ல் தொடங்கினேன். தேய்மானம் 5.80 கூட்டு. வட்டி 4.90 கூட்டு. நில லாபம் 37.62 கழி, அது முதலீட்டுப் பகுதிக்குப் போகிறது. மெஷின் நஷ்டம் 1.22 கூட்டு, அது கையிலிருந்து போன காசு இல்லை. மிச்சம் 4.50.

நாலரை. மூன்று ஷிப்ட், 310 பேர், வருஷம் முழுக்க. நாலரைக் கோடி.

வட்டி 4.90. நாற்பது லட்சம் துண்டு விழுகிறது. முப்பது கோடி லாபம் என்று அட்டையில் அச்சடிக்கப் போகும் மில், ஓடிச் சம்பாதித்ததில் வட்டியைக் கட்ட முடியவில்லை.

கீழே முதலீட்டுப் பகுதியில் 38.34. நிலமும் மெஷினும். அதற்கும் கீழே பாங்க் கடன் திருப்பியது 24 கோடி.

ராத்திரி படுத்தும் நாலரை, நாலு தொண்ணூறு என்றே ஓடுகிறது.

14 மே, புதன்

காலையில் பல் தேய்க்கும்போது புரிந்தது. நில லாபம் எனக்கு 37.62 இல்லை. 24 கோடி கடன் அடைந்ததில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2.40 கோடி வட்டி குறையும். 4.90 இருந்த இடத்தில் 2.50. நாலரை அதைத் தாங்கும். இதுதான் அந்த நாலு ஏக்கர் மில்லுக்குக் கொடுத்தது. ஒரு வருஷத்துக்கு இல்லை, வருஷா வருஷம்.

புத்தகத்தில் நூல் கணக்கு அப்போதும் நஷ்டம்தான் காட்டும். ஆனால் மில் ஓடும். சந்தோஷமாக ஆபீஸ் போனேன்.

20 மே, செவ்வாய்

சந்தோஷம் போய்விட்டது. பத்திரிகைக் குறிப்பின் வரைவு வந்தது. "நிறுவனம் லாபப் பாதைக்குத் திரும்பியது." நில விற்பனை பற்றி ஒரு வார்த்தை இல்லை. பங்குக்கு ஈட்டம் 43 ரூபாய்ச் சொச்சம் தடித்த எழுத்தில்.

ஜி.எம். ரூமுக்குப் போனேன். கை நடுங்கியது. "அசாதாரண இனத்துக்கு முன் நஷ்டம் 6.20 கோடின்னு ஒரு வரி சேர்க்கணுங்க சார்." "ரிசல்ட்லதான் இருக்குதே, யார் வேணும்னாலும் பார்த்துக்கட்டும்" என்றார். "குறிப்பை மட்டும்தாங்க சார் படிப்பாங்க." என் மாமாவை நினைத்துக்கொண்டு சொன்னேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். இன்கிரிமென்டும் அதோடு போயிருக்கும். போகட்டும்.

28 மே, புதன்

போர்டு மீட்டிங். முந்திரி வறுத்தது, பில்டர் காபி. கணக்கு பாஸ் ஆனது.

டிவிடெண்ட் பங்குக்கு 2 ரூபாய். 60 லட்சம் பங்கு. 1.20 கோடி. விற்றுக் காசாக்கிய லாபத்திலிருந்து கொடுக்கலாம், தடை இல்லை. பங்குதாரருக்கு நில லாபமும் லாபம்தான். தொழிலாளிக்கு இல்லை.

பத்திரிகைக் குறிப்பில் என் வரி சேர்ந்திருக்கிறது! கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில். ஆனாலும் இருக்கிறது. ஆடிட்டர் சாரும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

30 மே, வெள்ளி

பேப்பரில் வந்துவிட்டது. மாமா போன். "முப்பது கோடி லாபம்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீ." இன்றும் முழுசாகப் பேச முடியாது, விண்டோ திறக்கவில்லை. "பணப் பாய்வு அறிக்கையைப் படிங்க மாமா" என்றேன். படிக்க மாட்டார்.

யூனியனிலிருந்து லெட்டர். போனஸ் இருபது சதவீதம்.

2 ஜூன், திங்கள்

ஜி.எம். கூப்பிட்டார். யூனியன்காரர்களுக்குக் கணக்கைத் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். "உனக்குத்தான் இதில் ரொம்ப அக்கறையாச்சே." திட்டா பாராட்டா தெரியவில்லை.

எழுதினேன். நூல் கணக்கு ஒரு பத்தி. விற்ற கணக்கு ஒரு பத்தி. போனஸ் அட்டவணை என்ன சொல்கிறது என்று ஒரு பத்தி. வந்த 38.72 கோடி எங்கே போனது என்று கடைசியில்: கமிஷன் 0.38, பாங்க் 24, பஞ்சு வியாபாரிகள் பாக்கி 6.50, வரி சுமார் 4.18. மிச்சம் 3.66. கடைசி வரியை எழுதச் சொல்லி ஜி.எம். கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சாயந்திரம் பிட்டர் அண்ணன் தாளோடு வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். 1.22க்கு வந்ததும் நின்றார். "பதினெட்டையும் எண்ணெய் விட்டு வெச்சிருந்தனேம்மிணி. அதுலயா நஷ்டம்?" தேய்மானத்தைச் சொன்னேன். இன்ஜினியர் சர்டிபிகேட்டையும் சொன்னேன். தலையாட்டினார். புரிந்ததா, ஒத்துக்கொண்டாரா தெரியவில்லை.

அப்புறம் 3.66இல் விரல் நின்றது. "இது கையில இருக்கற காசா?"

"ஆமாங்கண்ணா. டிவிடெண்ட் 1.20 இதிலிருந்துதான் போகணும்."

"சரி. போனஸ்னு கேட்டாத்தானே சட்டம் தடுக்குது. நெலம் வித்த வருஷம்னு ஒரு தடவை, வேற பேர்ல கேட்டா?"

தடுக்காது. கருணைத் தொகை கொடுக்க எந்த அட்டவணையும் குறுக்கே வராது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். ஆளுக்குப் பத்தாயிரம் என்றால் 310 பேருக்கு 31 லட்சம்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை பேச்சுவார்த்தை. நானும் உட்கார வேண்டுமாம். பிசியோவை வெள்ளிக்கு மாற்ற வேண்டும்.